எடையில்லாத ஆப்பிள்

கிடினியா துறைமுகத்தில்
இருபத்தாறு வருடம் கிரேன் ஓட்டியவன் நான்.
நாற்பது டன் பெட்டியைக்
காற்றடிக்கும் நாளிலும்
கப்பலின் வயிற்றிலிருந்து எடுத்து
லாரியின் முதுகில்
முட்டையை வைப்பதுபோல் வைப்பேன்.
இப்போது மருத்துவமனையின் அடித்தளத்தில்
ஒரு திரைக்கு முன்னால் நிற்கிறேன்.
திரையில் ஒரு மரம்.
மரத்தில் ஓர் ஆப்பிள்.
அதற்கு எடையே கிடையாது.
என்னால் பறிக்க முடியவில்லை.

நவம்பரில் ஒரு காலை
சவரம் செய்துகொண்டிருந்தபோது
இடது கை என்னைக் கேட்காமல்
வேலையை விட்டுவிட்டது.
ராஜினாமாக் கடிதம்கூட இல்லை.
அன்றிலிருந்து தோளில் தொங்குகிறது,
யாரோ மறந்து விட்டுப்போன
ஈரக் கோட்டு மாதிரி.

திரைக்கு மேல் ஒரு கருங்கண்.
அது என்னைப் பார்த்து
என்னைப்போல் ஒருவனை வரைகிறது.
நீலச் சட்டை, பொத்தான் கண்கள்,
தொப்பை இல்லை,
இரண்டு தோளும் ஒரே மட்டம்.
முதல் நாளே எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.
நான் சாய்ந்தால் அவனும் சாய்கிறான்தான்,
ஆனால் சிரித்துக்கொண்டே சாய்கிறான்.

"அருமை!" என்கிறது எந்திரம்.
ஆப்பிளைத் தொட்டால் அருமை,
தொடாவிட்டால் "மிக அருகில் வந்துவிட்டீர்கள்!"
துறைமுகத்தில் என் மேற்பார்வையாளர்
ஒரே ஒருமுறை என்னைப் பாராட்டினார்.
அன்று அவர் குடித்திருந்தார்.

பக்கத்துத் திரையில் தியோடோசியா.
சுவீடனுக்குப் போகும் பயணிக் கப்பலில் சமையல்காரி,
வலப்பக்கம் புது இடுப்பு.
ஆடும் பலகைமேல் நின்று
பனிச்சரிவில் சறுக்கி இறங்குகிறாள்,
கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு,
கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு.
கொடிக்கம்பத்தில் மோதும்போதெல்லாம்
அவளிடமும் "அருமை!" என்கிறது எந்திரம்.
"உன் அருமையை ஊறுகாய் போடு" என்கிறாள்.

மூன்றாம் வாரம் ஒன்றைக் கண்டுபிடித்தேன்.
அந்தக் கண்ணுக்குத் தோளும் கையும் ஒன்றுதான்.
தோளை உலுக்கி, இடுப்பை ஒடித்து,
வலப்பக்கம் சட்டென்று சாய்ந்தால்
தொங்கும் கை ஊஞ்சல்போல் எழும்,
ஆப்பிள் விழும்.
பத்து. இருபது. கூடை நிறைந்தது.
பலூன் வெடித்தது, வாணம் பறந்தது,
நீலச் சட்டைக்காரன் குதித்தான்.
தியோடோசியா சறுக்கலை நிறுத்திவிட்டுக் கைதட்டினாள்.

யாகோடா தட்டவில்லை.
பிசியோதெரபிஸ்ட்.
சட்டைப் பையில் எப்போதும் பாதி கடித்த ரஸ்க்.
வந்து என் இடது தோளில் ஒரு கையை வைத்தாள்,
ஒரு பேனாவின் எடைதான் இருக்கும்,
தோள் அசைய முடியவில்லை.
இன்னொரு கையால் திரையை அணைத்தாள்.
"அது நம்பிவிட்டது, புரூனோன்.
இப்போது எனக்குச் செய்துகாட்டுங்கள்."

கறுத்த கண்ணாடியில்
மரமில்லை, இசையில்லை.
ஒரு பக்கம் இறங்கிய தோளோடு
தொப்பைக்காரன் ஒருவன் நின்றான்.
எடு, என்றேன் கைக்கு.
கப்பலடியில் சங்கிலி மாட்டுகிறவனிடம்
மேலிருந்து ரேடியோவில் சொல்வதுபோல்
மெதுவா, மெதுவா, அப்படியே நிறுத்து, என்றேன்.
இரண்டு விரற்கடை எழுந்தது.
எனக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது.
"இரண்டு" என்று நோட்டில் எழுதினாள்.
அருமை என்று சொல்லவில்லை.
அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

பிப்ரவரி. வீடு திரும்பும் டிராலிபஸ்.
உட்கார இடமில்லை.
சாலையில் ஒரு நாய்,
ஓட்டுநர் அடித்த பிரேக்கில்
முன்னால் நின்றவர்கள் சரிந்தார்கள்.
என் வலது கையில் ரொட்டிப் பை.
நான் விழவில்லை.
ஏன் விழவில்லை என்று திரும்பிப் பார்த்தால்
இடது கை
கம்பியைப் பிடித்திருக்கிறது.

எப்போது போனது? எந்த வழியாக?
தெரியாது. நான் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இருபத்தாறு வருடத்தில்
நான் பார்க்காமல் ஒரு பெட்டிகூட நகர்ந்ததில்லை.

எதிரில் ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள்.
வாணம் எதுவும் பறக்கவில்லை.

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் கடந்துபோனது.
விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்
கையைப் பழையபடி தொங்கவிட்டு,
இன்னொருமுறை, என்றேன் அதனிடம்,
இந்தத் தடவை நான் பார்க்க.

கடைசி நிறுத்தம் வரை
அது அசையவே இல்லை.